மொறிஸ் மைனரில் டாஷ்போட்டுக்குக் கீழே இசைத்தட்டுப் பெட்டி: கழற்றுவதா, விடுவதா?

அக்கராயன் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய கார்களில் கை வைத்தவர்களும் பழைய றேடியோ திருத்துபவர்களும் இங்கே கனபேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. சண்டை இறுகுவதற்கு முன்பே அதை வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டதால்தான் தப்பியது, இல்லாவிட்டால் முல்லைத்தீவுப் பக்கம் எரிந்து குவிந்து கிடந்த வாகனங்களோடு அதுவும் போயிருக்கும். இத்தனை காலமும் கொட்டில் ஒன்றுக்குள் செங்கல்லின் மேல் நின்றது. லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து கழுவித் துடைத்தபோதுதான் டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி தொங்குவதைப் பார்த்தேன். முன்பக்கத்தில் அகலமான ஒரு வாய் மட்டும்தான். முதலில் சீடி போடும் வாய் என்று நினைத்தேன், ஆனால் அந்தக் காலத்தில் சீடி ஏது, வாயும் அதைவிடப் பெரிது. துடைத்துப் பார்க்க பிலிப்ஸ் சின்னம் தெரிந்தது, நட்சத்திரமும் அலையும் உள்ள அந்த வட்டம். அதற்குப் பக்கத்தில் இரண்டு திருகுகளோடு பழைய றேடியோ ஒன்றும் இருக்கிறது, பெயர் தேய்ந்துவிட்டது. கையுறைப் பெட்டிக்குள் சின்ன இசைத்தட்டுகள் கொஞ்சம் கிடந்தன, எல்லாம் பழைய தமிழ்ப்படப் பாட்டுகள், சில வளைந்துபோயுள்ளன.

கார் நான்கு கதவு. முன் கண்ணாடி ஒரே துண்டு. சிக்னலுக்கு லைட் இல்லை, கதவுத் தூணுக்குள் இருந்து சின்னக் கை ஒன்று எழும்புகிறது. எஞ்சின் சுற்றுகிறது, இன்னும் ஸ்ரார்ட் பண்ணவில்லை.

கராஜில் வேலை செய்யும் தம்பி சொல்கிறார், உள்ளே இருக்கும் பழைய வயர் எல்லாவற்றையும் இழுத்து எறிந்துவிட்டு, அந்தப் பெட்டியையும் றேடியோவையும் கழற்றி, டாஷ்போட்டை வெட்டி அன்ட்ரொயிட் செற் ஒன்று பூட்டலாம் என்று. எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே நேரம் வேலை செய்யாத ஒன்றை முழங்காலில் இடிபட விட்டு என்ன பயன் என்றும் யோசிக்கிறேன். இது காரோடு வந்த சாமானா, பிறகு யாராவது பூட்டியதா? திருத்த முடியுமா? வருகிற ஆவணியில் தங்கச்சியின் கல்யாணம், பொம்பிளையை இந்தக் காரில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசையும்.

பரந்தன் வயறிங்:

தம்பி, முதலில் கராஜ் தம்பியின் கையில் இருக்கும் வெட்டும் மெசினை வாங்கி வைத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

உங்களிடம் இருப்பது காருக்கான இசைத்தட்டுக் கருவி. பிலிப்ஸ் அதற்கு வைத்த பெயர் ஓட்டோ மின்யோன். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் ஐரோப்பாவில் விற்றார்கள். ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று. வாய்க்குள் தட்டைத் தள்ளினால் உள்ளே எடுத்துக்கொண்டு பாடும், வண்டி ஓட்டுபவர் ஊசியைத் தூக்கி வைக்கத் தேவையில்லை. பீட்டில்ஸ் குழுவில் இருந்த போல் மக்கார்ட்னி 1964இல் வாங்கிய அஸ்ரன் மார்ட்டின் டிபி5 காரிலும் இதே பிலிப்ஸ் பெட்டிதான் இருந்தது. அப்படிப்பட்ட சாமான் ஒன்று அக்கராயனில் ஒரு மைனருக்குள் தொங்கியிருக்கிறது, இதைக் கேட்கவே எனக்குச் சந்தோசம்.

பெட்டிக்குள் ஸ்பீக்கர் இருக்காது. சத்தம் காரின் றேடியோ வழியாகத்தான் வரும். அதனால்தான் பக்கத்தில் றேடியோ இருக்கிறது, இரண்டையும் ஒரு சோடியாகப் பாருங்கள், ஒன்றைக் கழற்றினால் மற்றதுக்கு வேலை இல்லை.

இனி வயது. நீங்கள் சொன்ன அடையாளங்களே போதும். மைனர் 1948இல் வந்தது, 1956 கடைசி வரைக்கும் முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். ஒரே துண்டுக் கண்ணாடி என்றால் 948 சிசி எஞ்சினோடு வந்த மைனர் 1000. கை எழும்பும் சிக்னலை 1961 கடைசியில் நிறுத்தி மினுங்கும் லைட் போட்டார்கள். ஆகவே உங்கள் கார் அந்த ஐந்து வருடத்துக்குள் செய்தது. பிலிப்ஸ் பெட்டியின் காலமும் அதுவேதான், ஒன்றோடு ஒன்று வடிவாகப் பொருந்துகிறது.

தொழிற்சாலையில் பூட்டினார்களா என்றால், இல்லை. மைனருக்கு றேடியோவே தொழிற்சாலைச் சாமான் கிடையாது, ஹீற்றர்கூட மேலதிகக் காசுக்குத்தான். றேடியோ, பாட்டுப் பெட்டி எல்லாம் விற்பனை ஏஜென்சியிலோ அதற்கென்று இருந்த கடையிலோ வாங்குபவர் கேட்டபடி பூட்டிக் கொடுப்பார்கள். ஏஜென்சி வேலையா, பிறகு யாரோ வீட்டில் செய்த வேலையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பொனற்றைத் திறந்து கொயிலையும் டைனமோவையும் பாருங்கள். பெருவிரல் அளவில் வெள்ளித் தகரக் குப்பி போல ஒன்று ஒற்றை வயரோடு பூட்டியிருக்கிறதா? அது இரைச்சலை அடக்கும் கொண்டென்சர். எஞ்சின் ஓடும்போது பொறி அடிக்கும் ஒவ்வொரு முறையும் றேடியோவில் கடகடவென்று கேட்கும், அதை அடக்கத்தான் அது. தொழில் தெரிந்தவர்கள் றேடியோ பூட்டினால் இதைப் பூட்டாமல் காரை வெளியே விடமாட்டார்கள். பெட்டியைப் பிடித்திருக்கும் பட்டைகளையும் பாருங்கள், ஓட்டைகள் அச்சில் குத்தியது போல ஒழுங்காக இருந்தால் அது பெட்டியோடு வந்த பட்டை, கையால் துளைத்தது என்றால் விளிம்பு கிழிந்து இருக்கும்.

ஒரு முக்கியமான விசயம். இந்தக் கார்கள் பொசிற்றிவ் எர்த். பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் கார் பொடியில், அதாவது இரும்பு உடம்பில், பூட்டியிருக்கும். இப்போதைய செற் எதையும் யோசிக்காமல் பூட்டினால் அதன் தகரக் கூடு பொடியில் தொட்ட உடனே பற்றரி நேரே சோர்ட் ஆகும். வயர் எரிந்து காரே போய்விடும். இந்தத் தலைமுறைக் கராஜ் தம்பிகளுக்கு இது தெரிய வாய்ப்பில்லை, அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கண்ட வாகனம் எல்லாம் நெகற்றிவ் எர்த்.

பற்றரி இன்னும் பூட்டவில்லைத்தானே? பூட்ட வேண்டாம். றேடியோவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

அக்கராயன் பெடியன்:

மிகவும் நன்றி அண்ணை. பற்றரி பூட்டவில்லை. படமும் போட்டிருக்கிறேன். பொனற்றைத் திறந்து பார்த்தேன், கொயிலின் பட்டையோடு நீங்கள் சொன்ன குப்பி அப்படியே இருக்கிறது, டைனமோவிலும் ஒன்று. பட்டையின் ஓட்டைகளும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. றேடியோவின் பின்பக்கம் 12 வோல்ற் என்று மட்டும் வாசிக்க முடிகிறது, தகரம் கறள் பிடித்துவிட்டது, உள்ளே கண்ணாடி வால்வுகள் தெரிகின்றன. பின்னால் தடித்த வயர் ஒன்று பெட்டிக்குப் போகிறது.

பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். பெரியப்பா நெல் விற்ற காசில் கொழும்பில் வாங்கிய கார் என்றும், பாட்டுப் பெட்டிக்காகக் காரை இன்னும் ஒரு கிழமை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் வந்தார் என்றும் சொன்னார். அப்படியென்றால் ஏஜென்சியில் பூட்டியதுதான்.

குருமன்காடு ரேப்:

நான் இசைத்தட்டு, ரேப் சேர்ப்பவன், வவுனியாவில் இருக்கிறேன். இந்தப் படத்தைப் பார்த்ததில் இருந்து மனம் வேறு வேலையில் நிற்கவில்லை. காரில் பாட்டுக் கேட்பதற்கு மனிதர் என்னவெல்லாம் செய்து பார்த்தார்கள் என்பது பெரிய கதை, கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் பெட்டியின் அருமை அதில் விளங்கும்.

பிலிப்ஸுக்கு முன்பே அமெரிக்காவில் கிறைஸ்லர் கொம்பனி 1956ஆம் வருடக் கார்களில் டாஷ்போட்டுக்குக் கீழே இசைத்தட்டுக் கருவி கொடுத்தது, பெயர் ஹைவே ஹை-பை. அதைச் செய்தவர் பீற்றர் கோல்ட்மார்க், 33 சுற்று எல்பி தட்டு 1948இல் வந்ததில் பெரிய பங்கு உள்ளவர். அவர் யோசித்தது சரியான யோசனை. ஓடும் காரில் தட்டு மாற்றுவது ஆபத்து, ஆகவே ஒரு தட்டு நீண்ட நேரம் பாட வேண்டும். அதற்காகச் சுற்றை நிமிடத்துக்கு 16⅔ ஆகக் குறைத்து, கோடுகளையும் எல்பியைவிட இரண்டு மடங்கு நெருக்கமாகப் போட்டார். ஏழு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் முக்கால் மணித்தியாலம் பாடும். ஆனால் அந்தத் தட்டை வேறு எந்த வீட்டுக் கருவியிலும் போட ஏலாது, கொலம்பியா என்ற ஒரே கொம்பனிதான் தட்டு வெளியிட்டது, கடையில் விரும்பின பாட்டை வாங்கிக்கொண்டு வந்து போட வழியே இல்லை. சில வருடத்திலேயே நின்றுவிட்டது. அப்புறம் 1960இல் ஆர்சிஏ கொம்பனியின் கருவியை அதே கிறைஸ்லர் கார்களுக்குக் கொடுத்தார்கள். அதில் சாதாரண 45 சுற்றுத் தட்டு 14ஐ அடுக்கி வைக்கலாம், தட்டைக் கீழே இருந்து ஊசி தொட்டுப் பாடும்.

பிலிப்ஸ் பெட்டியின் கெட்டித்தனம் இங்கேதான். வீட்டில் இருக்கும் தட்டையே காரில் போடலாம். அதுவும் நம்முடைய பாட்டுக்கு அது மிகவும் தோதானது, ஏனென்றால் தமிழ்ப்படப் பாட்டுகள் ஏழு அங்குல ஈபி தட்டில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு என்று வந்தன, ஒருமுறை தள்ளினால் ஆறேழு நிமிடம் கவலை இல்லை. ஆங்கிலப் பாட்டுக்காரர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டு மாற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

குண்டும் குழியும் வந்தால் ஊசி துள்ளாதா என்று கேட்பீர்கள். உள்ளே இருக்கும் பகுதி ஸ்பிறிங்கில் தொங்கும், ஊசிக்கும் வீட்டுக் கருவியைவிடக் கூடிய பாரம் கொடுத்திருப்பார்கள். அந்தப் பாரம்தான் தட்டைத் தேய்க்கும். ஆகவே அபூர்வமான தட்டு எதையும் அதில் போடாதீர்கள், இரண்டு பிரதி உள்ளதை மட்டும் போடுங்கள்.

இன்னும் விசித்திரமானவை உண்டு. 60களில் அமெரிக்க விற்பனையாளர்கள் பின்சீற்றுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி பூட்டிக் கொடுத்தார்கள், மோட்டரோலா அதை வைபிறாசொனிக் என்று விற்றது. உள்ளே நீண்ட ஸ்பிறிங். றேடியோவின் பாட்டு அந்த ஸ்பிறிங் வழியே கொஞ்சம் பிந்திப் பின் ஸ்பீக்கருக்கு வரும், பெரிய மண்டபத்துக்குள் இருந்து கேட்பது போல எதிரொலிக்கும். கார் பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிறிங்கும் சேர்ந்து அதிர்ந்து பாட்டுக்கு நடுவே டொய்ங் என்று ஒரு சத்தம் போடும். 1958இல் ஓல்ஸ்மொபைல் காரில் றேடியோவை டாஷ்போட்டில் இருந்து இழுத்து எடுத்துக் கையில் கொண்டுபோகலாம், திரும்பச் செருகினால் கார் றேடியோ. எனக்கு அவற்றில் மிகவும் பிடித்தது அதுதான், குளக்கட்டில் காரை விட்டுவிட்டு றேடியோவை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்துக்குக் கீழே போய் இருக்கலாம் அல்லவா. பிறகு போர்ட் 1966ஆம் வருடக் கார்களில் எட்டுத் தட ரேப் கொடுத்தது, பிலிப்ஸ் 1963இல் வெளியிட்ட கசற் 60களின் கடைசியில் காருக்குள் வந்தது, அதோடு இசைத்தட்டுப் பெட்டியின் காலம் முடிந்தது. இருந்த கொஞ்ச வருடத்தில் விற்றவையும் கொஞ்சம்தான். ஆகவே தம்பி, அதை இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வளைந்த தட்டுகளை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே சமமாக வைத்துப் பாரம் ஏற்றி நிழலில் கனநாள் விடுங்கள். வெயிலில் காயவைத்து நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கோடு போய்விடும். இனிமேல் தட்டைக் காருக்குள் வைத்துப் பூட்டவும் கூடாது. பங்குனி, சித்திரையில் நம்முடைய வெயிலுக்குக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வினைல் தட்டு உருகி வளைய ஒரு மத்தியானம் போதும்.

மல்லாவி ரீச்சர்:

எனக்குக் கார் வேலை தெரியாது. ஆனால் அந்த றேடியோ பற்றிச் சொல்ல எனக்கு விசயம் இருக்கிறது.

எங்கள் அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 இருந்தது, வாடகைக்கு ஓடியது. 90களில் வன்னிக்குள் பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, சாதாரண ரோர்ச் பற்றரிகூடத் தடை. கார் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, அந்த மணம் உடுப்பெல்லாம் பிடிக்கும். வைத்தியசாலைக்கு வருத்தக்காரரை ஏற்றிக்கொண்டு மாங்குளம் பக்கம் ஓடிய கார்களில் பாதி உங்களுடையது போன்ற கிழட்டுக் கார்கள்தான், புதிய எஞ்சின் அந்த எண்ணெயைத் தாங்காது என்று அப்பா சொல்வார்.

அந்தக் காரில் சிற்றலை பிடிக்கும் றேடியோ இருந்தது. மாலையில் வாடகை முடிந்து வந்தால் பற்றரியில் இருக்கும் சார்ஜை வீணாக்காமல் லைட் எல்லாம் நிறுத்திவிட்டு, இரவில் லண்டன் தமிழோசை போகும் நேரம் மட்டும் றேடியோவைப் போடுவார். வால்வு சூடேறக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் ஒழுங்கைச் சனம் எல்லாம் வந்துவிடும். கதவுகள் நான்கையும் திறந்து விட்டிருப்போம். யார் எந்தப் பக்கம் இடம்பெயர்கிறார்கள், எந்த வீதி திறந்திருக்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியும். பிறகு மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நாங்கள் பிள்ளைகள் மாறி மாறிப் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து சின்ன ரான்சிஸ்ரர் றேடியோவுக்கு வயர் இழுத்துக் கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி மங்கும், உடனே எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள்.

அந்த ஏ40 இப்போது இல்லை. அதன் படம்கூட எங்களிடம் இல்லை. ஆகவே தம்பிக்கு ஒரு வேண்டுகோள். பெரியம்மா சொன்னதை எழுதி வையுங்கள். எந்த வருடம் வாங்கியது, யார் போய் வாங்கினார், எந்தப் பாட்டை அதிகம் போடுவார், யாருடைய கல்யாணத்துக்கு எல்லாம் அந்தக் கார் போனது என்று கேட்டு, திகதியும் போட்டு, காரின் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். இதெல்லாம் பெரியம்மாவோடு மட்டும் இருக்கிற விசயம். கார் திருத்துவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

ஏ9 ஓட்டம்:

நான் வவுனியாவில் கல்யாணக் கார் வாடகைக்கு விடுகிறேன், ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஒன்று, மைனர் ஒன்று. மேலே எழுதியவர்கள் எல்லோருக்கும் மரியாதை, ஆனால் நடைமுறையை யாராவது சொல்ல வேண்டும். ஓடாத கார் அழியும். ஓட வேண்டும் என்றால் நம்பி ஓட வேண்டும், ஆவணி வெயிலில் பொம்பிளை மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு வழியில் நின்றால் யாரும் பழைய சாமான் என்று மன்னிக்கமாட்டார்கள்.

என்னுடைய இரண்டு காரையும் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டேன். பயப்படும் அளவுக்கு வேலை இல்லை. பற்றரியைத் திருப்பி வைத்து, கொயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று இருக்கும் இரண்டு வயரையும் இடம் மாற்றி, டைனமோவுக்குத் துருவம் மாற்ற வேண்டும். டைனமோவில் இருந்து இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பற்றரியின் உயிர் முனையில், அதாவது பொடியில் பூட்டாத முனையில் இருந்து ஒரு வயரால் எப் என்று எழுதியிருக்கும் சின்ன முனையை இரண்டு மூன்று தரம் தொட்டுத் தொட்டு எடுத்தால் சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். இதைச் செய்யாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது. அதற்குப் பிறகு இன்றைய செற், போன் சார்ஜர், எல்ஈடி எல்லாம் பயமில்லாமல் பூட்டலாம்.

பாட்டுப் பெட்டியை நானும் கழற்றச் சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு வருகிற இளசுகள் முதலில் படம் எடுப்பது டாஷ்போட்டைத்தான். ஆனால் அதைப் பாட வைக்கக் காசைக் கொட்டுவது தேவையில்லை என்பது என் கருத்து. அப்படியே துடைத்து மினுக்கி விட்டுவிட்டு, சீற்றுக்குக் கீழே புளூருத் அம்ப்ளிபயர் ஒன்றை ஒளித்து வையுங்கள். கேட்கிறவர்களுக்கு எங்கிருந்து பாட்டு வருகிறது என்பது முக்கியமில்லை.

பரந்தன் வயறிங்:

ஓட்டம் தம்பி துருவம் மாற்றுவது பற்றிச் சொன்னது முழுதும் சரி, கார் மட்டும் என்றால். இங்கே வால்வு றேடியோ இருக்கிறது. அந்தக் காலத்து றேடியோவுக்குள் வைபிறேற்றர் என்று ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும், அது 12 வோல்ற் நேர் மின்சாரத்தை வெட்டி வெட்டி விட, ட்ரான்ஸ்போமர் அதை 200 வோல்றுக்கு மேலே ஏற்றும். சில வைபிறேற்றர் துருவம் மாறினாலும் கவலைப்படாது, சில வகை துருவம் மாறினால் உள்ளே இருக்கும் கபசிற்றரை வெடிக்க வைக்கும். எந்த வகை என்று திறந்து பார்க்காமல் துருவம் மாற்றுவது சரியில்லை. பிலிப்ஸ் பெட்டியின் மோட்டரும் அப்படித்தான், துருவம் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றக்கூடும், பின்னால் வோல்றும் துருவமும் குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்கிறவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமில்லை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒளித்து வைத்த அம்ப்ளிபயரில் பாடுவதற்கு அந்தக் காரே தேவையில்லை. அந்த மனிதர் ஒரு கிழமை காரை விட்டுவிட்டு ரயிலில் வந்திருக்கிறார், அந்தப் பெட்டி ஒருமுறையாவது திரும்பப் பாட வேண்டும்.

அதற்கு வழி சொல்கிறேன். காரைப் பொசிற்றிவ் எர்த்திலேயே விடுங்கள், அப்படியேதான் அது காலம் முழுக்க நன்றாக ஓடியது. லூக்காஸ் டைனமோ கொடுக்கும் மின்சாரம் ஹெட்லைட்டுக்கும் றேடியோவுக்கும் போதும். றேடியோவைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் திருத்த வேண்டும். முதல் வேலை, மெழுகுக் கடதாசிக் கபசிற்றர்களையும் எலெக்ரோலிற்றிக் கபசிற்றர்களையும் மாற்றுவது, இத்தனை வருடத்தில் அவை கசிந்திருக்கும், மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று யாரும் சொன்னால் விடாதீர்கள். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது பற்றரிக்கும் றேடியோவுக்கும் நடுவே கார் ஹெட்லைட் பல்ப் ஒன்றைத் தொடராகப் பூட்டிக் கொடுங்கள். உள்ளே சோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், றேடியோ தப்பும். பற்றரி 12 வோல்ற்தானே என்று உள்ளே விரலை விட வேண்டாம், அந்த 200 வோல்ற் ஆளைத் தூக்கி எறியும், நிறுத்திய பிறகும் கபசிற்றருக்குள் கொஞ்ச நேரம் நிற்கும்.

பெட்டியில் இரண்டு விசயம். தட்டைச் சுற்றும் ரப்பர் பாகம் இறுகி அல்லது பிசினாகி இருக்கும், அதைப் புதிதாக வார்க்கலாம், யாழ்ப்பாணத்தில் ரப்பர் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது ஊசியோடு இருக்கும் பளிங்குக் காற்றிஜ். அந்தக் காலத்துப் பளிங்கு ஈரத்திலும் சூட்டிலும் கரைந்து செத்துவிடும், எங்கள் காலநிலையில் அது உயிரோடு இருந்தால் அதிசயம்தான். அதற்குப் பதிலாகச் செரமிக் காற்றிஜ் பூட்டலாம்.

இப்போது கல்யாணத்துக்கு. பெட்டியில் இருந்து றேடியோவுக்குப் போகும் அந்தத் தடித்த வயர் இருக்கிறதே, அது றேடியோவில் செருகும் அதே வாயில் போன் பாட்டையும் கொடுக்கலாம்! தன் சொந்தப் பற்றரியில் ஓடும் சின்னப் புளூருத் றிசீவர் ஒன்று வாங்கி, அதன் வெளிவயரை அந்த வாயில் செருகினால் போதும். கார் வயறிங்கோடு தொடர்பில்லாததால் பொசிற்றிவ் எர்த் பிரச்சினை வராது. ஓடும்போது அதைக் காரின் சார்ஜரில் மட்டும் போடக் கூடாது. பாட்டு போனில் இருந்து வரும், ஆனால் வால்வு வழியாக, அதே பழைய ஸ்பீக்கரில் கேட்கும். ஒரு ஓட்டையும் துளைக்கத் தேவையில்லை, கழற்றினால் கார் பழையபடி.

ஏ9 ஓட்டம்:

புளூருத்தை அந்த வாயில் கொடுப்பது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணை. அது நல்ல வழி, நானும் கேம்பிறிஜில் செய்யப் போகிறேன், அதிலும் றேடியோமொபைல் கொம்பனியின் பழைய கார் றேடியோ ஒன்று சும்மா இருக்கிறது. அது எந்தத் துருவத்துக்கானது என்று திறந்து பார்க்க உங்களிடம் கொண்டுவரலாமா?

பரந்தன் வயறிங்:

கொண்டு வாருங்கள் தம்பி, ஞாயிறு தவிர எந்த நாளும்.

அக்கராயன் பெடியன்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கராஜ் தம்பிக்கு இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன், அவரும் பெட்டியைத் திறந்து பார்க்க இப்போது ஆவலாக இருக்கிறார். றேடியோவைக் கழற்றிப் பரந்தனுக்குக் கொண்டுவருகிறேன் அண்ணை, பெட்டியையும் சேர்த்தே கொண்டுவரட்டா? ரீச்சர், வருகிற கிழமை பெரியம்மாவிடம் கொப்பியோடு போகிறேன். அவர் ஏற்கெனவே ஒரு விசயம் சொன்னார், இரணைமடு வான்கதவு திறந்த வருடம் ஒன்றில் குளம் பார்க்கப் போகும்போது பெரியப்பா வழி முழுக்க ஒரே தட்டையே திருப்பித் திருப்பிப் போட்டாராம்.

கடைசியாக ஒரு கேள்வி. கையுறைப் பெட்டியில் இருந்த தட்டுகள் சிலவற்றில் நடு ஓட்டை சின்னது, சிலவற்றில் பெரியது. இரண்டையும் இதில் போடலாமா?

குருமன்காடு ரேப்:

45 சுற்றுத் தட்டில் இரண்டு அளவு ஓட்டை உண்டு, ஒன்று ஏழு மில்லிமீற்றர், மற்றது 38 மில்லிமீற்றர். திறந்து உள்ளே நடுத்தண்டைப் பார்த்து எந்த அளவு என்று உறுதிப்படுத்தாமல் எதையும் தள்ளாதீர்கள், சிக்கினால் தட்டும் போகும் ஊசியும் போகும். சில தட்டுகளில் நடுத் துண்டு உடைத்து எடுக்கக்கூடிய மாதிரி மூன்று நான்கு காம்புகளில் நிற்கும், அப்படி இருந்தாலும் இப்போதே உடைக்க வேண்டாம்.

பெட்டியைப் பரந்தனுக்குக் கொண்டுபோகும்போது மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வாய்க்குள் மெல்லிய ஸ்பொஞ்சுத் துண்டு வைத்து உள்ளே ஆடும் பகுதி அசையாமல் பிடிக்கச் செய்து, நிமிர்த்தியபடி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போங்கள். திறக்கிற அன்று எனக்கும் ஒரு சொல் சொல்லுங்கள், வவுனியாவில் இருந்து வருகிறேன். மேலதிகப் பிரதி உள்ள ஈபி தட்டு இரண்டு மூன்று என்னிடம் இருக்கிறது, சோதித்துப் பார்க்க அவை போதும்.